பீக் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மென்பொருளிலிருந்து கார்பன்-13 பீக் பட்டியலை, அதாவது நிறமாலையில் தெரியும் கோடுகளின் பட்டியலை, டேப் பிரித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து எக்ஸெலில் திறவுங்கள். பிபிஎம் மதிப்புகளை (ஒவ்வொரு பீக்கும் இருக்கும் இடம்) பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, டெக்ஸ்ட்ஜாயின் ஃபார்முலாவால் காற்புள்ளியிட்டு ஒரே வரியாக்கிவிடலாம். ஆய்விதழ் கேட்கும் வடிவம் கிட்டத்தட்ட அதுதான். இந்த ஃபார்முலா எக்ஸெல் 2019 முதல் உண்டு.

வடிவம் ஃபார்முலாவில் இருப்பதால், அடுத்த சேர்மத்துக்கு எண்களை ஒட்டினாலே போதும். இலக்கம் இடம் மாறும் பிழையும் வராது. ஒன்றில் மட்டும் கவனம்: ரவுண்ட் போட்டால் 77.0 என்பது வரியில் வெறும் 77 ஆகிவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு மதிப்பையும் டெக்ஸ்ட் ஃபங்ஷனால் ஒரு தசம இடத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் சேருங்கள். கரைப்பான் பீக்கை நீக்க மறந்துவிடாதீர்கள் (டியூட்டரேற்றிய குளோரோஃபார்ம் என்றால் 77.2 அருகே மூன்று கோடுகள்). அதை ஃபார்முலா கண்டுபிடிக்காது.

அகச்சிவப்பு நிறமாலைக்கும் இதே வழிதான், தசமம் மட்டும் வேண்டாம். புரோட்டான் நிறமாலைக்கு இது சரிப்படாது: பிளவுகளைத் தொகுத்து ஜே மதிப்பும் (பிளவுக் கோடுகளுக்கு இடையிலான இடைவெளி) புரோட்டான் எண்ணிக்கையும் தர வேண்டும், அதை மென்பொருளின் மல்டிப்லெட் கருவியிலேயே முடிப்பது நல்லது.