எறும்பு இழுக்கும் ஆமணக்கு முத்து: கணக்கெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆமணக்கு முத்தின் ஒரு முனையில் வெளுத்த குமிழ் ஒட்டியிருக்கும். எறும்புக்கு வேண்டியது அதிலுள்ள கொழுப்பு. முத்தைப் புற்றுக்கு இழுத்துப் போகும், குமிழைத் தின்னும், மிச்சத்தைப் புற்றுக்கு வெளியே குப்பையில் தள்ளும். குமிழ் போனாலும் முத்து முளைக்கும். உலகில் 11,000-க்கு மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் விதை பரவ இப்படி எறும்பை நம்பியிருக்கின்றன. ஆமணக்கு தெருவோரத்திலேயே கிடைப்பதால், எறும்பு எத்தனை விதையை எவ்வளவு தூரம் பரப்புகிறது என்று கணக்கெடுக்கப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்.

காணாமல் போனதெல்லாம் பரவியது என்று எழுதுவது

இதை எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி வருகிறது. மாலையில் 20 முத்து வைப்பார்கள், காலையில் தட்டு காலி. உடனே "20-க்கு 20 எறும்பு பரப்பியது" என்று நோட்டில் ஏறிவிடும். எலி கவ்வியதா, கோழி கிளறியதா? யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரக் கணக்கும் அத்தோடு வீண்.

மண்மட்டத்தில் இரண்டு அட்டைகளை வையுங்கள். ஒன்றில் குமிழோடு 10 முத்து, மற்றதில் குமிழ் கிள்ளிய 10. அணிலும் பறவையும் புகாமல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூடுங்கள். காட்டு ஆமணக்கின் சிறிய முத்து அந்தக் கண் வழியே நீளவாக்கில் வெளியேறும். உச்சிவெயிலில் தரை சுட்டால் எறும்பு நடமாட்டம் குறையும், அதனால் காலை 7 முதல் 9 வரை பக்கத்திலேயே உட்காருங்கள். முத்து நகர்ந்த இடத்தில் ஒரு பல்குச்சி, புற்று வாயில் இன்னொன்று. இடையே நேர்கோட்டில் டேப். வழியில் கைவிட்டதையும், நின்ற இடத்திலேயே குமிழை மட்டும் கடித்துப் போனதையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டாவதில் செடிக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டு அட்டையும் ஒரே வேகத்தில் காலியானால் எறும்பைக் குமிழ் இழுக்கவில்லை. விதையையே தின்னும் எறும்பா என்று பாருங்கள். மறுநாள் புற்றுக் குப்பையில் குமிழில்லாத முத்துகளை எண்ணுங்கள்.

தாய்ச்செடியிலிருந்து அளப்பது

ஆமணக்குக் காய் வெயிலில் வெடித்து முத்தைத் தானே எறியும். அந்தத் தூரத்தை எறும்பின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறைந்த தூரத்தைத் தோல்வி என்று நினைப்பது

பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். ஆஸ்திரேலியாவில் ஒரு வேல இனத்தின் விதையை எறும்பு 180 மீட்டர் கொண்டுபோனது பதிவாகியிருக்கிறது, ஆனால் அது அபூர்வம். முத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம். தென்னாப்பிரிக்காவின் கேப் புதர்க்காடுகளில் அர்ஜென்டினா எறும்பு புகுந்த இடங்களில், அது விதையைப் புதைக்காமல் தரைமேலேயே விட்டது; நாற்றுகள் குறைந்தன.

பழைய முத்து

குமிழ் தேய்ந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

முத்தைக் கடிப்பது

கூடவே கூடாது. உள்ளே ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது.