மார்க்டவுனில் உள்பட்டியல்: எத்தனை ஸ்பேஸ் விட வேண்டும்?

பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு நிறுவல் கையேட்டை மார்க்டவுனில் (எளிய குறிகளைக் கொண்டு உரையை வடிவமைக்கும் முறை) எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படி வரை எல்லாம் ஒழுங்கு. ஒவ்வொரு படிக்கும் கீழே அதன் துணைக் குறிப்புகள் உள்ளே தள்ளி அடக்கமாக நின்றன. பத்தாவது படிக்கு வந்ததும் குறிப்புகள் இடது ஓரத்துக்கு ஓடிவிட்டன. எல்லாப் படிகளுக்கும் அதே மூன்று ஸ்பேஸ்தான் விட்டிருந்தேன். அரை மணி நேரம் திரையை முறைத்த பிறகுதான் உறைத்தது: "9." என்பதைவிட "10." ஓர் எழுத்து நீளம்!

அந்த ஓர் எழுத்து ஏன் அத்தனை பெரிய விஷயம் என்பது புரிந்துவிட்டால், உள்பட்டியலில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் குறி

புள்ளிப் பட்டியலுக்கு `-`, `*`, `+` மூன்றில் ஒன்றைப் போடலாம். எண் பட்டியலுக்கு எண்ணும் அதையடுத்து ஒரு புள்ளியும், அல்லது `1)` என்பதுபோல் ஒரு மூடும் அடைப்புக்குறியும். குறிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் கட்டாயம்; அது இல்லையென்றால் அது வெறும் வரிதான். ஒரே பட்டியலுக்குள் குறியை மாற்றாதீர்கள். `-` என்று தொடங்கிவிட்டு நடுவில் `*` போட்டால் அங்கே புதிய பட்டியல் தொடங்கிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. நாம் பழக்கத்தில் அ), ஆ), இ) என்று வரிசையிடுவோம். மார்க்டவுனுக்கு அது பட்டியலாகத் தெரியாது. ௧, ௨ என்ற தமிழ் எண்களும் அப்படியே. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களால் ஆன எண்களை மட்டுமே அது ஏற்கும்.

உள்ளே தள்ளுவது

ஸ்பேஸ்களை எண்ணுவதை விட்டுவிட்டு மேல்வரியைப் பாருங்கள். தாய் வரியில் குறியைத் தாண்டி வாசகத்தின் முதல் எழுத்து எங்கே தொடங்குகிறதோ, அதற்கு நேர் கீழே உள்பட்டியலின் குறி நிற்க வேண்டும்.

```
- கோப்புகள்
  - படங்கள்
    - பழையவை
  - ஆவணங்கள்
```

`-` ஓர் இடம், அடுத்த ஸ்பேஸ் ஓர் இடம். ஆக இரண்டு. எண் பட்டியலில் எண், புள்ளி, ஸ்பேஸ் என்று மூன்றாகிவிடும்:

```
9. நிரலை நிறுவவும்
   - பழைய பதிப்பை முதலில் நீக்கவும்
10. கணினியை மறுதொடக்கம் செய்யவும்
    - திறந்திருக்கும் கோப்புகளைச் சேமிக்கவும்
```

பத்தாவது படிக்குக் கீழே நான்கு ஸ்பேஸ் இருப்பதைக் கவனியுங்கள். நான் வழுக்கியது இங்கேதான். மூன்று ஸ்பேஸ் விட்ட குறிப்பு, பத்தாவது படியின் வாசகம் தொடங்கும் இடத்தை எட்டவில்லை. அதனால் அது தனிப் பட்டியலாக வெளியே விழுந்தது. அடுத்து வந்த "11." இன்னொரு புதிய பட்டியலாகி, 11 என்ற எண்ணிலேயே தொடங்கியது. எண்கள் சரியாகத் தெரிந்ததால்தான் தவறு அத்தனை நேரம் ஒளிந்திருந்தது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, எல்லா வரிகளிலும் `1.` என்றே எழுதுவது. எண் பட்டியலில் முதல் எண் மட்டுமே கணக்கு. மற்றவற்றை மார்க்டவுன் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். எந்தப் படிக்கும் மூன்று ஸ்பேஸ் போதும். எங்காவது பட்டியல் உடைந்தால் எண் மறுபடி 1 என்று வந்து உடனே காட்டிக்கொடுக்கும். நடுவில் ஒரு படியைச் செருகினாலும் மற்ற எண்களைத் திருத்த வேண்டியதில்லை.

"நேர் கீழே" என்று கண்ணால் பார்க்க, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துரு எடிட்டரில் வேண்டும். சாதாரண எழுத்துருவில் ஸ்பேஸ் ஒடுங்கிக் கிடப்பதால் கண் ஏமாறும். தமிழ் எழுத்துகளின் அகலம் எந்த எழுத்துருவிலும் கூடக்குறைய இருக்கத்தான் செய்யும். ஆனால் நமக்கு வேண்டியது வரியின் தொடக்கம் மட்டும் என்பதால் கவலையில்லை.

சில இடங்களில் நான்கு

ஜான் க்ரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டபோது உள்பட்டியல் விதிகளை இவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றியபடி பொருள் கொண்டது. அதைச் சீர்செய்ய 2014-இல் வந்த பொது விதித்தொகுப்புதான் காமன்மார்க். மேலே சொன்ன விதி அதனுடையது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பும் அதையே பின்பற்றுகிறது. பைத்தான்-மார்க்டவுன் என்ற மென்பொருளும், அதன்மேல் இயங்கி ஆவணத் தளங்களை உருவாக்கும் எம்கேடாக்ஸும் பழைய வழக்கப்படி நான்கு ஸ்பேஸ் கேட்கும். இரண்டு விட்டால் உள்பட்டியல் தாய்ப்பட்டியலோடு ஒரே மட்டத்தில் கலந்துவிடும்.

கோப்பு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதபோது ஒவ்வொரு மட்டத்துக்கும் நான்கு விடுங்கள். காமன்மார்க்கும் அதை ஏற்றுக்கொள்ளும். எண் மூன்று இலக்கமானால் மட்டும் அங்கே நான்கு போதாது. நூறு படிகள் கொண்ட கையேட்டை எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருக்கும்.

டேப் விசையை நம்பாதீர்கள். டேப்பை ஸ்பேஸாக மாற்றும் அமைப்பு பெரும்பாலான எடிட்டர்களில் உண்டு. ஒரு முறை தேடி அதை இயக்கிவிடுங்கள்.

பட்டியலுக்குள் பத்தியும் நிரலும்

ஒரு படிக்குள் இரண்டாவது பத்தி வேண்டுமானால், காலி வரி விட்டு, அதே நேர்கோட்டில் தொடங்கவும். நிரல் துண்டுக்கும் அதே விதிதான்: மூன்று பேக்டிக் (` என்ற குறி) கொண்ட தொடக்க வரி, நிரல், முடிவு வரி எல்லாமே அந்த அளவுக்கு உள்ளே தள்ளியிருக்க வேண்டும்.

```
1. அமைப்புக் கோப்பைத் திறக்கவும்.

   மாற்றும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும்.

1. சேமித்து மூடவும்.
```

இரண்டாவது பத்தி ஓரத்தில் தொடங்கினால் பட்டியல் அங்கேயே முடிந்து, அடுத்த படி மறுபடி 1 ஆகிவிடும். காலி வரிக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. ஒரே மட்டத்தில் உள்ள இரு உருப்படிகளுக்கு நடுவே அது வந்துவிட்டால், அந்த மட்டம் முழுவதும் வரிகள் தள்ளித் தள்ளித் தெரியும். ஒன்று, எல்லாவற்றுக்கும் நடுவே விடுங்கள். இல்லையேல் எங்கும் விடாதீர்கள். பத்திக்கும் அதன்பின் தொடங்கும் பட்டியலுக்கும் நடுவே மட்டும் எப்போதும் ஒரு காலி வரி இருக்கட்டும். பைத்தான்-மார்க்டவுன் அது இல்லாமல் பட்டியலைப் பார்க்கவே பார்க்காது.

பட்டியலே கேட்காமல் பட்டியல் கிடைக்கும் சந்தர்ப்பமும் உண்டு. ஒரு பத்தி "2004. அந்த ஆண்டில்தான்" என்று தொடங்கினால், மார்க்டவுன் அதை 2004-ஆவது உருப்படியாக எடுத்துக்கொள்ளும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டு `2004\.` என்று எழுதினால் ஆண்டு ஆண்டாகவே நிற்கும்.