பள்ளிப் பாதுகாப்பில் நாம் செய்யும் தவறுகள்: புகார் சொன்ன பிள்ளை சாயங்காலம் எப்படி வீடு போகிறது?

பள்ளிக்கூடப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது கேமரா, அப்புறம் காம்பவுண்டு சுவர், அப்புறம் வாட்ச்மேன். எங்கள் செங்கோட்டை, புளியரைப் பக்கமும் சரி, மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமும் சரி, பெற்றோர் கூட்டத்தில் கேட்பது இதைத்தான். இதெல்லாம் வெளியாள் உள்ளே வராமல் தடுக்க. வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடந்த சில வருடங்களில் நம்மை உலுக்கிய சம்பவங்களை எடுத்துப் பாருங்கள், ஆயுதம் எடுத்தது கூடப் படிக்கிற பிள்ளைகள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான், தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். அந்த மாதிரிப் பிள்ளையை எந்த கேட்டும் நிறுத்தாது, அவன் சீருடையோடு, புத்தகப் பையோடு, தினமும் வருகிற நேரத்துக்குத்தான் வருவான்.

அப்படியென்றால் யாருக்கு முன்கூட்டியே தெரியும்? மற்ற பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அந்நாட்டு சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. ஐந்தில் நான்கு சம்பவங்களில், இவன் ஏதோ செய்யப் போகிறான் என்று குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது, அதில் பெரும்பாலும் கூட்டாளிகள், அண்ணன் தம்பிகள். அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள், காரணங்களும் வேறு, ஆனால் விஷயம் முதலில் பிள்ளைகள் காதுக்குத்தான் வரும் என்பது இங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. நம் திட்டத்தில் இல்லாதது அதுதான்: தெரிந்த பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு அதற்கு என்ன ஆகும்?

இரண்டாவது கேள்வியில்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம். 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு மாணவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான், கேட்டபோது நடந்ததைச் சொன்னான், புகாரும் ஆனது. அதற்குப் பிறகு, இரவில், சக மாணவர்கள் அவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள், தடுத்த தங்கைக்கும் வெட்டு. புகார் வாங்குவதோடு பள்ளியின் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. புகார் போன அந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் சொன்ன பிள்ளைக்கு மிக மோசமான நேரம். யார் பெயர் சொன்னது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளை அதே பஸ்ஸில், அதே தெருவழியாகத்தான் வீடு போக வேண்டும். ஆகவே திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்: புகார் வந்த அன்றைக்கே இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் தனித்தனியாகப் பேசுவது யார், பிள்ளையைச் சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடுவது யார், மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கு எந்த மணிக்குள் சொல்வது, அடுத்த ஒரு வாரம் தினமும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பது யார். "பள்ளி நிர்வாகம்" என்று பொதுவாக எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், ஆள் பெயர் வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஹெச்.எம். அறையில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி "கை கொடுங்கடா" என்று சமாதானம் செய்து அனுப்புவது. சமமான இரண்டு பேர் போட்ட சண்டைக்கு அது சரி. ஒருவனைப் பத்துப் பேர் மாதக்கணக்கில் படுத்துகிற இடத்தில் கை கொடுக்கச் சொன்னால், பட்டவனுக்கு அது இன்னொரு அவமானம், படுத்தியவர்களுக்கு அனுமதி. தனித்தனியாக விசாரியுங்கள். காலை பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டுவதும் அடிப்பதும் கூடவே கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கூட்டத்தில் அவமானப்பட்ட பையன் அந்தக் கோபத்தை யார்மேல் கொண்டுபோய் இறக்குவான்?

சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற கலர் கயிறு பற்றியும் சொல்ல வேண்டும். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் இருக்கின்றன. பல இடங்களில் கயிற்றை அறுத்ததோடு நிறுத்திவிட்டார்கள். அறுத்த கயிற்றின் நிறம் சைக்கிள் ஸ்டிக்கரிலும் வாட்ஸ்அப் டிபியிலும் வந்து நிற்கும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், விளையாட்டில் எந்தப் பையனை எந்த அணியும் எடுப்பதில்லை என்று பார்க்கிற ஆசிரியருக்குக் கயிறே தேவையில்லை, நிலவரம் தெரிந்துவிடும்.

பள்ளி கேட்டுக்கு வெளியே நடப்பது நம் பொறுப்பில்லை என்று சொல்வதும் தவறு. 2025-இல் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில் டியூஷன் சென்டர் பிரிவுபசார விழாவில் தொடங்கிய உரசல், செல்போன் குழுக்களில் வளர்ந்து, தெருவில் மோதலாகி, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தே போனான். பள்ளி வளாகத்துக்குள் எதுவும் நடக்கவில்லை. எங்கள் பக்கம் டியூஷன், பஸ் ஸ்டாண்டு, கடைசி பஸ், இந்த மூன்றும்தான் உரசல் முற்றுகிற இடங்கள். டியூஷன் வாத்தியாரும் பஸ் கண்டக்டரும் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடியும்.

டி.சி. கொடுத்து அனுப்புவது அடுத்தது. தொல்லை போனது என்று பள்ளி மூச்சு விடும், அந்தப் பையன் எல்லை தாண்டி வேறு பள்ளியில் சேர்ந்திருப்பான், அங்கே அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, கவுன்சலிங்கும் பாதியில் நின்றிருக்கும், பழைய பகை மட்டும் அதே ஊரில் இருக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தத் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள். அவன் மேல் முத்திரை குத்துவதற்காகச் சொல்லச் சொல்லவில்லை, அவனுக்கு உதவி அறுந்துபோகக் கூடாது.

புகார்ப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, நல்ல ஏற்பாடு. அதைக் கேமராவுக்கு நேர் கீழே, ஹெச்.எம். அறை வாசலில் மாட்டினால் எந்தப் பிள்ளை போடும்? தண்ணீர்க் குழாய்ப் பக்கமோ மாடிப்படித் திருப்பத்திலோ வையுங்கள். பாலியல் புகாராக இருந்தால் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் அதுவே குற்றம்.

காயம்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக அப்பா வரட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் வகுப்பறையில் பாம்பு கடித்து ஒரு சிறுமி இறந்தாளே, அப்போது கேரளம் முழுக்கக் கொதித்தது இந்தத் தாமதத்துக்காகத்தான். யாரையும் கேட்காமல் வண்டி எடுக்கலாம் என்ற அதிகாரம் பள்ளியில் இருக்கிற எல்லா ஆசிரியருக்கும் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, எல்லையோரப் பள்ளிகளுக்கு மட்டும். 1098 குழந்தைகள் உதவி எண் இரண்டு மாநிலத்திலும் உண்டு, 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எண். 112 கூப்பிட்டால், போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கும்போது அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட வாய்ப்புண்டு, ஆகவே உள்ளூர் காவல் நிலையத்தின் நேரடி எண்ணையும் மலைக்கு அந்தப்புறமுள்ள நிலையத்தின் எண்ணையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் யாராவது எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இன்றைக்கு மத்தியானம் ஒரு பிள்ளை புகார் சொன்னால், சாயங்காலம் அதோடு யார் போவது? பதிலாக வரும் பெயரை மினிட்ஸ் நோட்டில் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.