ஒரு நாளில் டண்டீ: சணல் ஆலையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு கடலைச் சேரும் அகன்ற கழிமுகத்தின் வடகரையில் இருக்கும் டண்டீ நகரின் முக்கியமான இடங்களை ஒரே நாளில், பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம். வருகிறவர்களில் பலர் ஆற்றங்கரையிலுள்ள புதிய அருங்காட்சியகத்தைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். நகரம் எப்படி உருவானது என்று புரிந்துகொள்ள விரும்புபவர்கள் வேறொரு வரிசையில் பார்ப்பது நல்லது.

எடின்பரோவிலிருந்து ரயிலில் வருவதானால் வலப்பக்க சன்னலோர இருக்கையில் அமருங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டே பாலத்தைக் கடக்கும்போது, நீரிலிருந்து தலைகாட்டும் பழைய தூண்களின் அடிப்பகுதிகள் வரிசையாகத் தெரியும். 1878இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தின் எச்சங்கள் அவை. 1879 டிசம்பர் 28 அன்று இரவு வீசிய புயலில் அதன் நடுப்பகுதி, மேலே சென்றுகொண்டிருந்த ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. பயணம் செய்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட அந்த ரயில் எஞ்சினைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டினார்கள் என்பதும், தொழிலாளர்கள் அதற்கு ‘முக்குளிப்பான்’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள் என்பதும் நம்பக் கடினமான உண்மைகள். இப்போதுள்ள பாலம் 1887இல் திறக்கப்பட்டது.

நிலையத்தில் இறங்கியதும் எதிரிலேயே டிஸ்கவரி என்ற பழைய கப்பலும் அந்தப் புதிய அருங்காட்சியகமும் நிற்கும். அவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் நடந்து வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய ஆலைக்குச் செல்லுங்கள். 1833இல் கட்டப்பட்ட இந்த ஆலை இன்று சணல் தொழிலின் அருங்காட்சியகம். வங்காளத்தில் விளைந்த சணல் கப்பலேறி இங்கே வந்து, கோணிச் சாக்காகவும் கித்தானாகவும் மாறி உலகெங்கும் போயிற்று. முரட்டு நாரை இயந்திரத்தில் நூற்க வேண்டுமானால் முதலில் அதைப் பதப்படுத்தி மென்மையாக்க வேண்டும். அதற்குத் திமிங்கில எண்ணெயும் நீரும் பயன்பட்டன. டண்டீ ஏற்கெனவே திமிங்கில வேட்டைத் துறைமுகமாக இருந்ததால் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அங்குள்ள இயந்திரங்களை இயக்கிக் காட்டும் வேளையைக் கேட்டறிந்து, அதற்கேற்பக் காத்திருங்கள். அந்த இரைச்சலைக் காதால் கேட்டால்தான் ஆலைப் பெண்கள் ஏன் சைகைகளால் பேசிக்கொண்டார்கள் என்பது விளங்கும். ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையினர் என்பதால், வேலையின்றி வீட்டிலிருந்த ஆண்களை ‘கெண்டி கொதிக்கவைப்பவர்கள்’ என்று ஊர் கேலி செய்தது. பின்னர் கல்கத்தாவிலேயே ஆலைகள் எழுந்தன. அவற்றை நடத்த டண்டீயிலிருந்தே மேலாளர்களும் பொறியாளர்களும் போனார்கள். தன் தொழிலுக்குப் போட்டியை வளர்த்துவிட்டதில் இந்த ஊருக்கே பங்கு உண்டு.

அடுத்து நகரின் நடுவிலுள்ள மெக்மானஸ் கலைக்கூடம். இதற்குக் கட்டணம் இல்லை. 1883இல் கழிமுகத்துக்குள் வழிதவறி வந்து வேட்டைக்காரர்களின் ஈட்டிபட்டு இறந்த திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மட்டுமாவது இங்கே பார்த்துவிடுங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு ஆற்றங்கரைக்குத் திரும்பினால், டிஸ்கவரி கப்பல் இங்கே ஏன் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும்: பனிக்கடலில் ஓடும் மரக்கப்பல்களைக் கட்டும் திறனைத் திமிங்கில வேட்டை இந்நகருக்குக் கற்றுத்தந்திருந்தது. 1901இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலில்தான் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு அண்டார்க்டிகாவுக்குச் சென்று, இரண்டு குளிர்காலங்கள் பனியில் சிக்கிக் கிடந்து, 1904இல் திரும்பியது. காந்தப்புல அளவீடுகள் பிழையாகிவிடக் கூடாது என்பதற்காக, கருவிகளைச் சுற்றிய பகுதியில் இரும்பைத் தவிர்த்தே இதைக் கட்டினார்கள். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக இறங்க வேண்டும். ஆலைக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு வாங்கினால் செலவு குறையும்.

பக்கத்தில் நிற்கும் வி அண்ட் ஏ என்ற வடிவமைப்புக் கலை அருங்காட்சியகம் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்து 2018இல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கடலோரப் பாறை முகடுகளை மனத்தில் கொண்டு, ஏறத்தாழ 2,500 கற்பலகைகளை வளைந்த சுவர்களின் மேல் கிடையாகப் பொருத்தியிருக்கிறார்கள். என் கணிப்பில் கட்டடத்தின் வெளிப்புறமே உள்ளிருக்கும் பல காட்சிப்பொருள்களைவிடச் சிறந்தது. ஆனாலும் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் கிளாஸ்கோ தேநீரகம் ஒன்றுக்காக வடிவமைத்த ஓக் மர அறையைத் தவறவிடாதீர்கள். கழற்றி வைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கிடங்கில் இருந்த அதன் துண்டுகளை இங்கேதான் மீண்டும் ஒன்றுசேர்த்தார்கள். அந்த நிரந்தரக் கூடத்துக்குக் கட்டணமில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு உண்டு.

இரண்டாம் நாள் கிடைத்தால், கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராட்டி ஃபெரிக்குச் சென்று பழைய கோட்டையையும், சணல் முதலாளிகள் புகையிலிருந்து விலகிக் கட்டிக்கொண்ட மாளிகைகளையும் பாருங்கள். குளிர்காலத்தில் சில இடங்கள் வாரத்தில் சில நாள்கள் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். கோடையிலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி வேண்டும்.

மாலையில் லா குன்றில் ஏறுங்கள். பழைய எரிமலையின் எச்சமான இதன் உயரம் 174 மீட்டர். கோடையில் இரவு பத்து மணி வரைகூட வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. உச்சியிலுள்ள போர் நினைவுச்சின்னத்தின் அருகே நின்று தெற்கே நோக்கினால், காலையில் கடந்த பாலம் முழுவதும் வளைந்து கிடப்பது தெரியும். மேற்கே திரும்பினால், லோக்கி பகுதியில் 1860களில் எழுப்பப்பட்ட, பல நிறச் செங்கற்களாலான சணல் ஆலைப் புகைபோக்கி ஒன்று வீடுகளுக்கு மேலே தனியாக நிற்கும்.