டோரிக் லென்ஸ்: மறுநாள் காலை எழுதாமல் விடும் எண்

டோரிக் லென்ஸ் என்பது கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும், சிலிண்டரையும் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளையாததால் வரும் பார்வைக் குறையையும்) திருத்தும் லென்ஸ்; குறித்த கோணத்தில் நின்றால்தான் முழுப் பலன். அறுவைக்குப் பிறகு அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில்தான், புதிதாக ஸ்லிட் லேம்ப் (மெல்லிய ஒளிக்கீற்றில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) முன் உட்காரும் பிள்ளைகள் எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். வலக்கண்ணை இடக்கண் என்று எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

கணக்கு இதுதான்: லென்ஸ் 1 டிகிரி விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறக்குறைய 3.3 சதவீதம் போகும். 10 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு. 30 டிகிரியில் பலன் முழுவதும் போய்விடும். அதைத் தாண்டினால் சாதாரண லென்ஸே வைத்திருக்கலாம் என்றாகிவிடும்.

பாவையை (கண்ணின் நடுத் துளையை) விரிக்காமல் பார்த்து, "லென்ஸ் சரி" என்று எழுதுவது

இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். டோரிக் லென்ஸின் கோணத்தைக் காட்டும் புள்ளிகள் நடுவில் இல்லை. 6 மில்லிமீட்டர் லென்ஸின் ஓரத்தில், லென்ஸைத் தாங்கும் கையான பிடிகை கிளம்பும் இடத்தை ஒட்டி, ஊசி முனையால் குத்தியது போல வரிசையாக இருக்கும். விரியாத பாவை வழியே தெரிவது நடுப்பகுதி மட்டும். அதைப் பார்த்து லென்ஸ் நடுவில் நிற்கிறது என்று சொல்லலாம், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

நெருக்கடி புரியாமல் இல்லை. வேதாரண்யத்திலிருந்து வந்தவர், "சொட்டு மருந்து போட்டா நேரமாயிடும், பஸ்ஸு போயிடும் சார்" என்பார். பார்வைப் பலகையிலும் நன்றாகவே படித்திருப்பார். அனுப்பிவிடுகிறோம். சம்பா நடவு நேரத்தில் அறுவை செய்துகொண்டவர் அடுத்து வருவது தை அறுவடை முடிந்துதான். "எழுத்துக்குப் பக்கத்துல நிழல் மாதிரி விழுது" என்பார். இப்போது பாவையை விரித்தால் லென்ஸ் 15 டிகிரி விலகி நிற்கிறது. 2.00 சிலிண்டரில் பாதி, ஏறக்குறைய 1.00, மிச்சம். அது அறுவை மேசையிலேயே தப்பாக வைக்கப்பட்டதா, பிறகு சுழன்றதா? கோப்பில் "லென்ஸ் சரி" என்று மட்டும் இருந்தால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

லென்ஸ் சுழல்வது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், முதல் நாளுக்குள். லென்ஸுக்குப் பின்னால் விஸ்கோ (அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் கூழ்) மிச்சம் இருந்தாலும், மைனஸ் பவர் அதிகமான நீளக் கண்ணாக இருந்தாலும் வாய்ப்பு கூடும். பிறகு லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை சுருங்கி லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். திருப்பி வைக்கத் தோதான காலம் ஒன்றிலிருந்து மூன்று வாரம். மூன்று மாதம் கழித்து ஒட்டியதைப் பிரித்துத் திருப்புவது கடினம், பைக்கும் ஆபத்து. பஸ்ஸுக்காக மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தின் விலை இது.

ஆகவே மறுநாள் காலை பாவையை விரிக்கும் டிராபிகமைடு சொட்டு போட்டு, 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கவும். ஸ்லிட்டை மெல்லியதாக, நீளமாக வைத்து, ஒளிக்கையை மைக்ரோஸ்கோப்புக்கு நேராகக் கொண்டுவந்தால் சிவப்புப் பின்னொளியில் புள்ளிகள் கருப்பாகத் தெரியும். ஸ்லிட்டைச் சுழற்றி இரு பக்கப் புள்ளி வரிசைகளின் மீதும் ஒரே கோடாகப் படியவைத்து அளவுகோலைப் படிக்கவும். மூன்று முறை படித்துச் சராசரியை எழுதவும். லென்ஸ் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் புள்ளிகள் இமைக்குள் ஒளியும். இமையைத் தூக்கும்போது விரல் புருவ எலும்பில் இருக்கட்டும், புதுக்காயம் உள்ள கண்ணை அழுத்தக் கூடாது.

தலைச் சாய்வு

தலை 5 டிகிரி சாய்ந்தால் அளவும் 5 டிகிரி தப்பு. தாடை, நெற்றி இரண்டும் பதிந்து, இரு கண்களின் வெளிமுனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கவும். அறுவைக்கு முன் குறியிடும்போதும் நோயாளி உட்கார்ந்தே இருக்க வேண்டும். படுத்தால் கண் சில டிகிரி சுழலும், சிலருக்கு 10 டிகிரிக்கு மேலும்.

20-ஆ, 160-ஆ?

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதில் தவறினால் 20 டிகிரி 160 ஆகிவிடும். படம் வரைந்து எழுதுங்கள். நோயாளியை எதிரே பார்க்கையில் 0 நம் வலப்பக்கம், எண்ணிக்கை இடஞ்சுழியாக. இரு கண்ணுக்கும் இதுவே. எல்லா ஸ்லிட் லேம்ப் அளவுகோலும் இந்தத் திசையில் எண்ணுவதில்லை.

ஆட்டோரெஃப் ஆக்சிஸை லென்ஸின் ஆக்சிஸாக எழுதுவது

ஆட்டோரெஃப் (கண்ணாடிப் பவரைத் தானாக அளக்கும் கருவி) காட்டுவது மிச்ச சிலிண்டரின் ஆக்சிஸை, அதாவது கோணத்தை. இரண்டும் வேறு. லென்ஸ் சற்றே விலகினால் மிச்ச சிலிண்டரின் ஆக்சிஸ் லென்ஸிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி தள்ளி விழும்.

திட்டமிட்ட கோணத்துக்கே திருப்புவது

அறுவைக்கு முன் குறித்த கோணம் அறுவைக்குப் பின்னும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. வெட்டு கருவிழியின் வளைவை மாற்றியிருக்கும். கருவிழி வீக்கம் வடிந்த பிறகு எடுத்த கண்ணாடிப் பவர், லென்ஸ் இப்போது நிற்கும் கோணம், அதன் டோரிக் பவர் ஆகிய மூன்றையும் வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் (ஸ்பியர் பவருடன் சிலிண்டரில் பாதியைக் கூட்டியது) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் திருப்புவதில் பலன் உண்டு. தள்ளி இருந்தால் எவ்வளவு திருப்பினாலும் கண்ணாடி தேவைப்படும்.

பெட்டியில் உள்ள பவர்

சிலிண்டர் 3.00 என்றிருந்தால் அது லென்ஸ் தளத்தில், அதாவது கண்ணுக்குள் லென்ஸ் நிற்கும் இடத்தில். கருவிழித் தளத்தில் ஏறக்குறைய 2.00 தான்.