கோப்பு திறக்கவில்லையா? மறுபடி சொடுக்கும் முன்...

தேர்வுக்கு முந்தைய நாள் இரவு, பக்கத்து வீட்டு மாணவி மடிக்கணினியோடு வந்து நின்றாள். நுழைவுச்சீட்டு திறக்கவில்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒரே பெயரில் பதினொரு கோப்புகள்; எதைத் தொட்டாலும் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்ற செய்தி. நான் முதலில் பார்த்தது அவற்றின் அளவை. பதினொன்றும் 4 கேபி. படமும் கையெழுத்தும் உள்ள ஒரு நுழைவுச்சீட்டு அவ்வளவு சிறிதாக இருக்காது.

கோப்பு சேதமாகவில்லை. வந்தது நுழைவுச்சீட்டே அல்ல. வெகுநேரம் பக்கத்தைத் திறந்துவைத்திருந்ததில் அவளுடைய உள்நுழைவு காலாவதியாகிவிட்டது. அவள் சொடுக்கியபோதெல்லாம் 'மீண்டும் உள்நுழையவும்' என்ற வலைப்பக்கத்தைத்தான் தளம் அனுப்பியது. அது பிடிஎஃப் என்ற பெயரோடு சேமிப்பாகியிருந்தது. வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, ஒரே ஒரு முறை சொடுக்கினோம். வந்துவிட்டது.

பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான்: எங்கே தடைபட்டது என்று பார்க்காமல் சொடுக்கிக்கொண்டே இருப்பது. கோப்பு வந்து சேரவே இல்லையா, பாதியில் நின்றதா, வேறொன்று வந்ததா, சரியாக வந்தும் திறக்கும் மென்பொருளுக்குக் காட்டத் தெரியவில்லையா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. கட்டணம் செலுத்தும் பக்கமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பக்கத்தைப் புதுப்பித்தால் பணம் இரண்டாம் முறை போகவும் வாய்ப்புண்டு.

கன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்தினால் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். அதில் ஒன்றுமே இல்லையென்றால் கோப்பு வரவில்லை. முகவரிப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள்: சான்றிதழைப் புதிய சாளரத்தில் திறக்கும் தளங்களை, பாப்-அப் தடுப்பு சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். தடுப்பையே நிரந்தரமாக அணைத்துவிடாதீர்கள்.

கோப்பின் பெயர் குரோமில் 'சிஆர்டவுன்லோட்' என்றோ, ஃபயர்பாக்ஸில் 'பார்ட்' என்றோ முடிந்தால் இறக்கம் பாதியில் நிற்கிறது. அந்தப் பின்னொட்டை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று பெயர் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். பெயரை மாற்றினால் மீதிப் பாதி வந்துவிடாது. ஐயம் இருந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎஃப், விழுக்காட்டுக் குறியோடு பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கூர்முனை அடைப்புக்குறியில் (<) தொடங்கினால் அது பெரும்பாலும் வலைப்பக்கம்.

சரியாக வந்த கோப்பைக் குறை சொல்லும் தவறும் உண்டு. கனடா விசா விண்ணப்பப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உலாவியில் திறந்தால் 'காத்திருக்கவும்' என்ற ஒரு வாசகம் மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது. அந்தப் படிவங்கள் எக்ஸ்எஃப்ஏ என்ற வகையைச் சேர்ந்தவை. பல உலாவிகளுக்கு அதைக் காட்டத் தெரியாது. இணைப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து கணினியில் சேமித்து, அடோபி ரீடரில் திறக்க வேண்டும். கைப்பேசியை இதற்கு நம்பாதீர்கள்.

இ-ஆதாரில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியைக் கண்டு, போலி என்று அஞ்சியவர்களையும் பார்த்திருக்கிறேன். கையொப்பமிட்டவரின் சான்றிதழை உங்கள் கணினி இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருள். அடோபி ரீடரில் அந்தச் சான்றிதழை நம்பகமானவற்றில் சேர்த்துச் சரிபார்த்தால் பச்சைக் குறி வரும்.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. திரையில் தெளிவாகத் தெரியும் தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாகச் சிதறும். மறுபடி பதிவிறக்குவதில் பயனில்லை. பிடிஎஃப் கோப்பு, எழுத்துகளின் வடிவத்தை எங்கே வரைய வேண்டும் என்பதைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை சரியாக இல்லாவிட்டால், 'கொ' என்பதன் கொம்பு திரையில் 'க'வுக்கு முன்னால் நிற்பதால் நகலிலும் முன்னால் வந்துவிடும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த ஆவணங்களில் ஆங்கில எழுத்துக் குவியலே கிடைக்கும். தேடலும் வேலை செய்யாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய ஆவணங்கள் பலவற்றின் நிலை இதுவே. பழைய குறியாக்கத்துக்கு எழுத்துரு மாற்றி உதவும். சிதறிய யூனிகோடுக்கு, பக்கத்தைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் வழியே எழுத்தாக்குவது நல்லது.

இனிச் சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. இ-ஆதார் கடவுச்சொல் கேட்டதும், 'பூட்டு நீக்கித் தருகிறோம்' என்னும் ஏதோ ஒரு தளத்தில் ஆதாரையே பதிவேற்றுகிறார்கள். தேவையே இல்லை. ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு எழுத்துகள், எல்லாமே பெரிய எழுத்தில். அடுத்து பிறந்த ஆண்டு. அவ்வளவுதான் கடவுச்சொல். நம்மில் பலர் தடுமாறுவது முன்னெழுத்தில். ஆதாரில் பெயர் முன்னெழுத்தோடு தொடங்கினால் அந்த எழுத்தும், பின்னால் புள்ளி இருந்தால் அந்தப் புள்ளியும் நான்கில் சேரும், இடைவெளி சேராது.

'உங்கள் பிடிஎஃப் மென்பொருள் பழையது, இதை நிறுவுங்கள்' என்று ஏதாவது ஒரு பக்கம் சொன்னால் மூடிவிடுங்கள். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துவைக்கும். பிடிஎஃப் போலத் தெரிவது நிரலாகவும் இருக்கலாம். கோப்புறையின் 'வியூ' பட்டியலில் பின்னொட்டைக் காட்டும்படி ஒரு முறை மாற்றிவைத்தால், நிரலுக்குரிய எக்ஸ்இ என்ற பின்னொட்டில் முடிவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

பிரவுசிங் சென்டரில் சான்றிதழை அச்செடுத்தவர்கள் பலர், பதிவிறக்கப் பட்டியலை மட்டும் துடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பட்டியல் போகும், கோப்பு டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். கோப்புறைக்குள் போய்க் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.