பழி போட்டவங்க கையிலயே மார்க்கர்

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்கிற ஊர்ல நண்டு வாங்கி அனுப்புறேன். ஏப்ரல் 15-ல விசைப்படகுத் தடை வந்தா நாட்டுப்படகுச் சரக்குதான், ஒரு பெட்டி வீணானாலும் வலிக்கும். ஒரு வாரமா ஐஸ் கரைஞ்சே போய்ச் சேந்துச்சு. தம்பி வண்டிக்காரரைச் சொன்னான், அவர் ஐஸ்காரரைச் சொன்னார். மூணு பேரையும் ஒண்ணா வச்சுப் பேசினேன், சண்டைதான் மிச்சம். கூலியில பிடிப்பேன்னேன், பொய் கூடிச்சு.

அப்புறம் ‘யாரு’ன்னு கேக்கிறதையே விட்டேன். பெட்டி கைமாறும்போது நேரமும், ஐஸ் எத்தனை விரக்கடைன்னும் மூடியில எழுதணும். கொடுக்கிறவர் இல்ல, வாங்குறவர் எழுதணும். இதை முதல்ல மாத்திச் செஞ்சு ரெண்டு நாள் போச்சு. சாக்பீஸ் ஈரத்துல அழியும், மார்க்கர்தான் நிக்கும்.

மூணாம் நாள், “அண்ணே, டீக்குப் போனப்ப நான்தான் மூடாம வெயில்ல விட்டேன்”னான் தம்பி. திட்டல. இப்போ பெட்டி பந்தல் நிழல்ல இருக்கு.